ஒன்ராறியோவில் குடும்பக் காருக்குக் காப்புறுதி: பிரைமரி டிரைவர் என்று யாரைப் போடுவது?

ரொறன்ரோவுக்கு வந்து முதல் கார் வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, காப்புறுதி மாதம் எவ்வளவு வரும் என்று. அடுத்த கேள்வி குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வரும்: "யாற்ற பேரில போட்டால் குறையும்?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். பதில் ஒரு வரிதான். அந்தக் காரை யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர் பெயரைத்தான் பிரைமரி டிரைவர் என்று போட வேண்டும், விலை கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி. ஆனால் எங்கள் வீடுகளில் இது அவ்வளவு நேராக இருப்பதில்லை. இரண்டு கார், நான்கு லைசென்ஸ், ஒரு ஜி1 (பழகுகிறவருக்கான முதல் கட்ட லைசென்ஸ்), போன மாதம் வந்து நடு அறையில் தங்கியிருக்கிற மச்சான், வாட்டர்லூவில் படிக்கிற மகள் என்று எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும்போது யாரை எங்கே போடுவது என்பது உண்மையிலேயே குழப்பம்தான்.

நான் காப்புறுதி விற்பவன் இல்லை. 2008-இல் வந்து ஸ்காபரோவில் இருக்கிறேன், படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று சொந்தத்துக்குள் பெயர் எடுத்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதில் ஒன்ராறியோ மாகாண முறையைத்தான் சொல்கிறேன். கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா எல்லாம் வேறு கதை.

முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் உரிமையாளர். காப்புறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, கட்டணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ, அவர் காப்புறுதிதாரர். இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆள், பெரும்பாலும் அப்பா. மூன்றாவதுதான் பிரைமரி டிரைவர், சில கொம்பனிகள் பிரின்சிபல் டிரைவர் என்று சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. இவர் உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. அப்பா பெயரில் கார், அப்பா பெயரில் காப்புறுதி, ஆனால் தினமும் ஓட்டுவது மகன் என்றால், அந்தக் காருக்குப் பிரைமரி டிரைவர் மகன். மற்றவர்கள் ஒக்கேஷனல் டிரைவர், அதாவது இடைக்கிடை எடுப்பவர்கள்.

"கார் என்ர பேரிலதானே இருக்கு, அப்ப நான்தானே?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காப்புறுதிக்காரர் கேட்பது கார் யாருடையது என்பதை இல்லை. அந்தக் கார் விபத்தில் மாட்டினால் உள்ளே யார் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வயது, எத்தனை வருட லைசென்ஸ், ரிக்கற் (வீதி விதி மீறியதற்கான தண்டம்), பழைய விபத்து, கார் இரவில் நிற்கிற தபால் குறியீடு எல்லாம் அந்தக் கணக்குக்குள் போகும். அதனால்தான் இருபது வயதுப் பெடியனைப் பிரைமரியாகப் போட்டால் கட்டணம் குதிக்கிறது, அப்பாவைப் போட்டால் படுத்துவிடுகிறது, அங்கேதான் ஆசையும் வருகிறது.

சமையலறை மேசையில் ஒரு கணக்கு

கொம்பனியைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். தமிழ்க் கடையில் தந்த கலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதலாம், நான் அப்படித்தான் செய்வேன். மேலே கார்களின் பெயர், பக்கவாட்டில் ஓட்டுபவர்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாதாரணக் கிழமையில் எத்தனை நாள் எடுக்கிறார், போக வர எத்தனை கிலோமீட்டர் என்று போடுங்கள். கோடை விடுமுறையையோ கோயில் திருவிழாக் கிழமையையோ எடுக்காதீர்கள், நவம்பர் மாதத்துக் கிழமை மாதிரி ஒன்றை எடுங்கள்.

போன வைகாசியில் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பா ஏஜாக்ஸில் இரவு வேலை, தன் வான் வண்டியில் போகிறார், போக வர ஐம்பது கிலோமீட்டர், கிழமையில் ஐந்து நாள், எல்லாமாக 250. அம்மா ஸ்காபரோ ரவுன் சென்ரரில் வேலை, பஸ்ஸில்தான் போவார், சனிக்கிழமை அவர்களின் மற்றக் காரான ஹொண்டா சிவிக்கை எடுத்துச் சாமான் வாங்கக் கடைக்கும் பிறகு கோயிலுக்கும் போவார், அது ஒரு 35. மகன் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்துக்கு சிவிக்கில் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 22, அதோடு மூன்று பின்னேரம் மார்க்கம் நகரில் பகுதிநேர வேலை, ஒவ்வொன்றும் 30. கூட்டினால் 178. சிவிக்கை அப்பா தொடுவதே இல்லை. அவர்களிடமிருந்த பத்திரத்தில் சிவிக்குக்கு யார் பிரைமரி? அப்பா. வானுக்கு? அம்மா, அவருக்கு அந்த வானைப் பின்னால் எடுக்கவே பயம். மகனின் பெயர் ஒக்கேஷனல் என்று கடைசியில் இருந்தது.

"அவன் எப்பவாவதுதான் எடுக்கிறவன் தம்பி" என்றார் அப்பா. பக்கத்திலிருந்த மகன் கலண்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான்.

கிலோமீட்டரும் நாட்களும் ஒரே ஆளைக் காட்டினால் பிரச்சினையே இல்லை. சரிபாதியாக வந்தால், உதாரணமாகக் கணவன் மனைவி இருவரும் மாறி மாறி எடுக்கிறார்கள் என்றால், அதை அப்படியே கொம்பனியிடம் சொல்லுங்கள், எந்த விதியின்படி ஒருவரைத் தெரிவு செய்வது என்று அவர்களே சொல்வார்கள். உங்களுக்கு வசதியானவரை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் உள்ள லைசென்ஸ் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

காரை எடுப்பவர்களை மட்டும் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பப் படிவம் கேட்பது அந்த வீட்டில் இருக்கிற லைசென்ஸ் உள்ள எல்லோரையும், அதோடு வெளியே இருந்து வழக்கமாகக் காரை எடுக்கிறவர்களையும். மாமியாரிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஐந்து வருடமாக ஸ்ரியரிங்கைத் தொடவில்லை என்றாலும் அவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும், ஓட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடு அறையில் தங்கியிருக்கிற மச்சான் ஜி2 (தனியாக ஓட்டக்கூடிய அடுத்த கட்ட லைசென்ஸ்) எடுத்துவிட்டால் அவரும் கணக்கில். பேஸ்மென்றில் தனிக் கதவோடு வாடகைக்கு இருப்பவரைப் பற்றிக் கொம்பனிக்குக் கொம்பனி வேறுபாடு இருக்கிறது, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஜி1 பிள்ளைகளையும் சொல்லிவிடுங்கள். ஜி1 பதினாறு வயதில் எழுத்துப் பரீட்சையோடு கிடைக்கும், குறைந்தது நான்கு வருட அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்து ஆசனத்தில் இருக்க வேண்டும், நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை ஓட்டக்கூடாது, 401 போன்ற பெரிய ஹைவேக்களில் ஏறக்கூடாது. இதனால் ஜி1-க்குப் பெரும்பாலான கொம்பனிகள் தனியாகக் காசு வாங்குவதில்லை, பெயரை மட்டும் குறித்துக்கொள்வார்கள். காசு கூடுவது ஜி2 எடுத்த அன்றைக்குத்தான். அந்தப் பரீட்சை பாஸான படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிற அதே நாளில் காப்புறுதி எடுத்துத் தந்த புரோக்கருக்கும் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.

தோழியோ தம்பியோ ஒரு நாள் அவசரத்துக்குக் காரை வாங்கிக்கொண்டு போனால் பெயரைச் சேர்க்கத் தேவையில்லை, லைசென்ஸ் செல்லுபடியாகி, நீங்கள் சம்மதித்துக் கொடுத்திருந்தால் உங்கள் காப்புறுதி அவருக்கும் வேலை செய்யும். ஆனால் விபத்து நடந்தால் அது உங்கள் காப்புறுதியில்தான் ஏறும், இதை நினைத்துக்கொண்டு திறப்பைக் கொடுங்கள். அதே தம்பி ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் எடுக்கிறான் என்றால் அது அவசரம் இல்லை, பெயரைப் போடுங்கள்.

எந்தக் காருக்கு யார்

இரண்டு கார், மூன்று ஓட்டுநர் என்றால் இரண்டு பேர் பிரைமரி, மூன்றாமவர் அவர் அதிகம் எடுக்கிற காருக்கு ஒக்கேஷனல். இங்கே ஒரு நியாயமான வசதி இருக்கிறது: மகன் உண்மையிலேயே இரண்டு காரையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறான் என்றால் அவன் ஒக்கேஷனல்தான், அதில் பொய் எதுவும் இல்லை. மூன்று கார், மூன்று ஓட்டுநர் என்று வந்தால் பெரும்பாலான கொம்பனிகள் ஆளுக்கொரு கார் என்று பிரித்துவிடும். மூன்றாவது காரை யார் ஓட்டுகிறார் என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் யாராவது ஒருவர் தலையில் அது விழுந்துதான் ஆகும். மூன்றாவது காரை மலிவாக வாங்கிவிட்டு, காப்புறுதி விலையைக் கேட்டதும் திகைத்துப்போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அந்த மொடலுக்கு மகனைப் பிரைமரியாகப் போட்டு ஒரு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்து இரண்டு சிறிய கார்களுக்கு இடையிலேயே கட்டணம் நிறைய வித்தியாசப்படும், அதிகம் களவு போகிற கார்களுக்கு இன்னும் மோசம்.

மகள் வாட்டர்லூவில் அறை எடுத்துப் படிக்கிறாள், கார் வீட்டில் நிற்கிறது, விடுமுறைக்கு வரும்போது மட்டும் எடுக்கிறாள் என்றால் அவள் ஒக்கேஷனல். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் காரில்லாமல் படிப்பவர்களுக்குச் சில கொம்பனிகள் கழிவும் தரும், கேட்டுப் பாருங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். ஆனால் காரையும் கொண்டு போய்விட்டாள் என்றால் இரண்டு விஷயம் மாறுகிறது: பிரைமரி டிரைவர் அவள், கார் இரவில் நிற்கிற இடம் வாட்டர்லூ. இரண்டையும் சொல்ல வேண்டும். இடம் மாறுவதால் விலை குறையவும் கூடும்.

அப்பாவின் பெயரைப் போட்டால் என்ன ஆகும்?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், "ஊரிலே எல்லாரும் செய்யினம்" என்று சொல்லிக்கொண்டு. ஒன்றும் ஆகாது, விபத்து நடக்கும் வரை.

எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில், அங்கேயும் அப்பாவுக்கு வான், மகன் ஓட்டுவது சிவிக், மகன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மார்க்கம் வீதியில் இடது பக்கம் திரும்பும்போது அடித்துவிட்டான். யாருக்கும் பெரிய காயமில்லை, கார்தான் முன்பக்கம் முழுக்க நசுங்கிப் போனது. கொம்பனியின் விசாரணையாளர் அப்பாவைக் கூப்பிட்டு நட்பாகத்தான் கதைத்தார். இந்தக் காரில் வேலைக்குப் போகிறீர்களா? ஆம். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? தெரியவில்லை. கடைசியாக எண்ணெய் மாற்றியது எங்கே? மகன்தான் கொண்டுபோனான். காஸ் அடிக்கிற மூடி எந்தப் பக்கம்? அப்பா தன் வானின் பக்கத்தைச் சொன்னார், சிவிக்கில் அது மற்றப் பக்கம். பிறகு வளாகத்து வாகனத் தரிப்பிட அனுமதி மகன் பெயரில் இருந்தது வெளியே வந்தது, எண்ணெய் மாற்றிய ரசீதுகளில் மகனின் போன் நம்பர் இருந்தது. அவ்வளவுதான். காருக்கான இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள், வங்கிக் கடன் மட்டும் அந்த நசுங்கிய காருக்கு மாதம் மாதம் போய்க்கொண்டிருந்தது.

இது கொம்பனியின் கொடுமை இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஒன்ராறியோ காப்புறுதிச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு, விண்ணப்பத்தில் கேட்ட ஒன்றைத் தெரிந்தே மாற்றிச் சொன்னாலோ மறைத்தாலோ உங்கள் இழப்பீட்டு உரிமை போய்விடும் என்கிறது. நீங்கள் அடித்ததில் வேறு யாராவது காயப்பட்டு வழக்குப் போட்டால், கொம்பனி அவர்களுக்கு மாகாணத்தின் குறைந்தபட்சத் தொகையான 200,000 டொலர் வரை கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். நீங்கள் பத்து இருபது இலட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தாலும், அந்த 200,000-க்கு மேலே உள்ளதை உங்கள் வீட்டில்தான் தேடுவார்கள். விசாரணையில் பொய்யைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால் அது தனிக் குற்றம், முதல் தடவைக்கே 250,000 டொலர் வரை அபராதம் என்று பத்திரத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள், யாரும் வாசிப்பதில்லை.

அதோடு முடிவதில்லை. உண்மையை மறைத்ததற்காகக் காப்புறுதி ரத்தாகிவிட்டால் அடுத்த கொம்பனி அதைக் கேட்கும், நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். சாதாரணக் கொம்பனிகள் கதவைச் சாத்தினால் மிச்சமிருப்பது பசிலிற்றி அசோசியேஷன், எங்கும் காப்புறுதி கிடைக்காதவர்களுக்கான கடைசி இடம், கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். அந்த அப்பாவுக்கு வானுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது.

பெயரை மறைப்பதில் பிள்ளைக்கு வருகிற நட்டம்

இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்கே நடந்தது. வந்த புதிதில் மூன்று வருடம் சித்தப்பாவின் கொரொல்லாவைத்தான் ஓட்டினேன். வேலைக்கு, வகுப்புக்கு, சித்தியை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக, எல்லாவற்றுக்கும். ஒரு கடதாசியிலும் என் பெயர் இல்லை. சித்தப்பா நல்ல மனதோடுதான் செய்தார், "உன்னைச் சேர்த்தால் கூடும், சும்மா ஓடு" என்றார். 2012-இல் சொந்தமாகக் கார் வாங்கி விலை கேட்டபோது அந்தப் பெண் போனில் கேட்டார், "இதற்கு முன் எந்தக் காப்புறுதியில் உங்கள் பெயர் இருந்தது?" எதிலும் இல்லை. மூன்று வருடம் ஒரு கீறல் கூட இல்லாமல் ஓட்டியிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்ததாகத்தான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அவர்களின் கணக்கில் நான் அன்றைக்குத்தான் காரில் ஏறினவன்.

லைசென்ஸ் எத்தனை வருடம் என்பது ஒரு கணக்கு, காப்புறுதியில் பெயரோடு விபத்தில்லாமல் எத்தனை வருடம் என்பது இன்னொரு கணக்கு. ஒக்கேஷனல் என்று பெயர் இருந்தாலும் அந்த இரண்டாவது கணக்கு ஓடத் தொடங்கிவிடும். சித்தப்பா அன்றைக்கு மிச்சம் பிடித்ததை விட நான் பிறகு கட்டியது கூட.

இதே காரணத்துக்காகத்தான் ஊரிலிருந்தோ இன்னொரு நாட்டிலிருந்தோ வருகிறவர்கள் அங்கிருந்த காப்புறுதிக் கொம்பனியிடம், இத்தனை வருடம் இருந்தார், இத்தனை இழப்பீடு கேட்டார் அல்லது கேட்கவில்லை என்று ஒரு கடிதம் ஆங்கிலத்தில் வாங்கி வர வேண்டும். எல்லாக் கொம்பனியும் ஏற்காது, சில ஏற்கும், கையில் இருந்தால்தான் கேட்டுப் பார்க்கலாம்.

நேர்மையாகக் கட்டணத்தைக் குறைக்கிற வழிகள்

சரி, உண்மையைச் சொல்லி விலை ஏறிவிட்டது, என்ன செய்யலாம்? முதலாவது, ஜி2-இல் நின்றுவிடாதீர்கள். ஜி2 எடுத்து பன்னிரண்டு மாதத்தில் முழு ஜி பரீட்சைக்குப் போகலாம், எங்கள் பிள்ளைகள் ஐந்து வருடக் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு போவார்கள், முழு ஜி வந்தாலே பல இடங்களில் விலை இறங்கும். இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட சாரதிப் பயிற்சி வகுப்பு. அதை முடித்தால் ஜி1-இலிருந்து ஜி2-க்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் எட்டு மாதத்தில் போகலாம், காப்புறுதியிலும் கழிவு கிடைக்கும், ஆனால் அந்தப் பள்ளி மாகாணத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அண்ணை ஒருவர் பின்னேரங்களில் பழக்குவது அதில் சேராது. குளிர்கால ரயர் போட்டால் கழிவு தரவேண்டும் என்பது 2016-இலிருந்து ஒன்ராறியோவில் விதி. போனில் ஒரு செயலியைப் போட்டு எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்கிற திட்டங்கள் இருக்கின்றன, நிதானமான பிள்ளைக்கு நல்லது, இரவு ஒரு மணிக்குச் சாப்பாடு வாங்கப் போகிற பிள்ளைக்கு யோசித்துச் செய்யுங்கள். வீட்டுக் காப்புறுதியையும் காரையும் ஒரே இடத்தில் போடுவது, பழைய காருக்கு மோதல் காப்பை (உங்கள் காரின் சேதத்துக்கான காப்பை) நிறுத்திவிடுவது, இழப்பீட்டில் நீங்கள் கையிலிருந்து கட்டுகிற பங்கை ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்கு உயர்த்துவது என்று இன்னும் உண்டு.

ஒருவர் அந்தக் காரை ஓட்டவே மாட்டார் என்றால் அவரை விலக்கி எழுதலாம், ஓபிசிஎஃப் 28ஏ என்று ஒரு படிவம். விலக்கப்பட்டவரும் அதில் கையெழுத்துப் போடவேண்டும். ரிக்கற் நிறைய உள்ள ஒரு மைத்துனர் வீட்டில் இருக்கிறார், தனக்கென்று வேறு கார் வைத்திருக்கிறார் என்றால் இது சரியான வழி. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் பனி கொட்டுகிற இரவில் பால் வாங்க அந்தக் காரை எடுத்துக்கொண்டு போய் அடித்தால் காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். காப்புறுதியில்லாத காருக்கு ஒன்ராறியோவில் முதல் தடவை அபராதம் 5,000 டொலரிலிருந்து 25,000 வரை, ஓட்டியவருக்கு மட்டுமில்லை, ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் வரும். மகனை விலக்கி எழுதிவிட்டுத் திறப்பை வாசலில் ஆணியில் தொங்கவிடாதீர்கள்.

போனில் கதைத்து, கடதாசியை வாசிக்கிறது

புரோக்கர் என்றால் அவர் ஒன்ராறியோவின் புரோக்கர் பதிவுச் சபையான ரிபோவில் பதிந்திருக்கிறாரா என்று அவர்கள் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் "பாதி விலைக்குப் போட்டுத் தருவேன்" என்று வருகிறவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே வேலைதான்: முகவரியை வெளியூருக்கு மாற்றுவார்கள், பிரைமரி டிரைவரை மாற்றுவார்கள், சிலவேளை பத்திரமே போலி. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, மாட்டுவதும் நீங்கள்தான். நல்ல புரோக்கர்களும் இருக்கிறார்கள், தமிழிலேயே எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவார்கள், ஆனால் "இதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் யோசிக்காதீங்கோ அண்ணை" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

கலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். இந்தக் காரை இவர் கிழமையில் இத்தனை நாள், வேலைக்கு ஒரு வழிக்கு இத்தனை கிலோமீட்டர், வருடத்துக்கு ஏறத்தாழ இத்தனை ஆயிரம் என்று சொல்லுங்கள். யாராவது ஊபர் ஓடினாலோ சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாலோ அதையும் சொல்லுங்கள், அது இன்னொரு பெரிய பொறி. பிறகு காப்புறுதிச் சான்றிதழ் தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும். பலர் அதில் பிங்க் ஸ்லிப்பை, அதாவது காரில் வைத்திருக்கிற சிறிய காப்புறுதி அட்டையை, மட்டும் கிழித்து எடுத்து டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு மற்றத் தாள்களை ஒரு பையில் போட்டுவிடுவார்கள். அந்த மற்றத் தாள்களைத்தான் வாசிக்க வேண்டும். ஓட்டுநர்களின் பட்டியல், ஒவ்வொரு காருக்கு நேரே யார் பிரைமரி, யார் ஒக்கேஷனல், லைசென்ஸ் தரமும் திகதியும், காரின் பாவனை, வேலைக்குப் போகிற தூரம். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் சொன்னால் சாட்சி இல்லை.

அப்புறம் எப்போதெல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றால்: வேலை மாறினால், வீடு மாறினால், பிள்ளை ஜி2 அல்லது ஜி எடுத்தால், யாராவது வீட்டுக்கு வந்து தங்கினால் அல்லது வெளியேறினால், அப்பா ஓய்வெடுத்து வானை நிறுத்திவிட்டுச் சிவிக்கை எடுக்கத் தொடங்கினால். புதுப்பிக்கிற மாதம் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள். புது கார் வாங்கினால் பதினான்கு நாளுக்குள் சொல்லவேண்டும் என்று ஒன்ராறியோவின் பொதுப் பத்திரத்தில் இருக்கிறது, ஆனால் நான் கார்க் கடையில் திறப்பை வாங்க முன்பே சொல்லிவிடுவேன்.

ஏற்கெனவே பிழையாகப் போட்டிருந்தால்

இதை வாசிக்கிறவர்களில் கொஞ்சப் பேராவது இந்த நிலையில்தான் இருப்பீர்கள். பயப்படத் தேவையில்லை, விபத்துக்கு முன் நீங்களாகச் சொல்வதற்கும் விபத்துக்குப் பின் அவர்கள் கண்டுபிடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூப்பிட்டு, இந்தக் காரை இப்போது மகன்தான் அதிகம் ஓட்டுகிறான், இன்றிலிருந்து அவனைப் பிரைமரியாக மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால் உண்மையான மாதத்தைச் சொல்லுங்கள். அந்த மாதத்திலிருந்து கூடுதல் கட்டணம் கேட்கலாம், சிலவேளை கேட்காமல் இன்றிலிருந்தே மாற்றிவிடுவார்கள். புது விலையைக் கேட்டுக்கொண்டு, அதே உண்மையான விபரங்களை வைத்து இன்னும் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். கொம்பனிகளின் விலைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளி பெரும்பாலும் ஆச்சரியமானது, ஒரு இடத்தில் பிள்ளையின் பெயருக்குக் கேட்கிற காசு இன்னொரு இடத்தில் நிறையக் குறையும். ஆனால் இடையில் ஒரு நாள் கூடக் காப்புறுதி இல்லாமல் விட்டுவிடாதீர்கள், புதியது தொடங்கிய பிறகுதான் பழையதை நிறுத்துங்கள், நடுவில் நிறுத்தினால் தண்டக்கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

அந்த வைகாசிக் குடும்பம் மாற்றிவிட்டது. சிவிக்குக்கு மகன் பிரைமரி ஆனதும் முதல் இடத்தில் கேட்ட விலைக்கு அம்மா "அப்ப காரை வித்திடுவம்" என்றார். மூன்றாவது இடத்தில் பயிற்சி வகுப்பு, குளிர்கால ரயர், வீட்டுக் காப்புறுதி எல்லாம் சேர்த்து ஓரளவுக்கு வந்தது, முன்பை விடக் கூடத்தான். கூடின பங்கை மகன் தன் பகுதிநேர வேலைக் காசில் தருவதாக ஏற்பாடு. ஐப்பசியில் அவனுக்கு ஜி பரீட்சை இருக்கிறது, ஹைவேயில் ஏறிப் பழக ஞாயிறு காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான், காஸ் மூடி எந்தப் பக்கம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.